ஆப்டிகலா, எச்டிஎம்ஐயா?

புளூரே பிளேயரை ரிசீவரோடு (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) இணைக்க முக்கியமாக இரண்டு வழி. ஆப்டிகல் கேபிள் மெலிசானது, முனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும், மின் இரைச்சலும் அண்டாது. ஆனால் அதன் வழியே பிசிஎம் எனப்படும் சுருக்காத டிஜிட்டல் ஒலி 2 சேனல் (இடது, வலது) மட்டும்தான் போகும். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வேண்டுமென்றால் சுருக்கிய டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ்தான். டிவிடிக்கு அது போதும், புளூரேக்குப் போதாது.

எச்டிஎம்ஐயில் பிசிஎம்மே 8 சேனல் வரை வரும். புளூரேயில் வரும், தரம் குறையாமல் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவை அப்படியே அனுப்ப, இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ பதிப்பு 1.3 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறியும் என் ரிசீவர் முகப்பில் வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்றே வந்தது. கேபிள்தான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், பிளேயர் மெனுவில் 'செகண்டரி ஆடியோ' (படத்தின் ஒலியோடு விளக்கவுரை போன்ற கூடுதல் ஒலியைக் கலப்பது) ஆனில் இருந்தது; அப்படிக் கலந்ததை பிளேயர் சாதாரண டால்பி டிஜிட்டலாக்கி அனுப்பியிருக்கிறது. அதை அணைத்து, வெளியீட்டை 'பிட்ஸ்ட்ரீம்' (வட்டில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் ரிசீவருக்கே அனுப்புவது) என்று வைத்ததும் 'ட்ரூஎச்டி' எழுத்து எரிந்தது.

என் ஓட்டு எச்டிஎம்ஐக்குத்தான். ரிசீவரில் எச்டிஎம்ஐ இல்லையா? பிளேயரில் 5.1 அனலாக் வெளியீடு இருந்தால் ஆறு ஆர்சிஏ ஒயர்களை இழுக்கலாம். பின்னால் காடு மாதிரி இருக்கும், பரவாயில்லை. அதுவும் இல்லையென்றால் சரி, ஆப்டிகல்.