ஓட்டு பாலக்கோட்டிலா, வேளச்சேரியிலா?

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில், 87 சதவீதம். மிகக் குறைவு சென்னை வேளச்சேரியில், 56 சதவீதம்கூட இல்லை. முதலாவது நான் பிறந்த தொகுதி. இரண்டாவது 2015-லிருந்து வாடகைக்குக் குடியிருக்கும் தொகுதி. அந்த ஏப்ரல் 6-ஆம் தேதி ஊருக்குப் போய்த்தான் ஓட்டுப் போட்டேன். 2024 ஜனவரியில், வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவதற்கான படிவம் 8 கொடுத்து, ஓட்டை வேளச்சேரிக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், மாற்றிவிடுங்கள் என்பதுதான்.

பஸ் செலவு, லீவு, கூட்டம் எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

ஊரில் ஓட்டை வைத்துக்கொள்வதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. பாலக்கோட்டில் வேட்பாளரைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன் 2001-லிருந்து 2021 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்த இடம் அது. ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அவர் செய்தது, செய்யாதது இரண்டும் தெரியும். தக்காளி விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு கூழ் தயாரிக்கும் ஆலை வேண்டும். தென்பெண்ணைத் தண்ணீர் எண்ணேகொல்புதூர் கால்வாய் வழியாகத் தும்பலஹள்ளி அணைக்கு வர வேண்டும். பையன்கள் வேலைக்குப் பெங்களூர் போகாமல் இருக்க இங்கேயே ஏதாவது வேண்டும். இவற்றைக் கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. என் அண்ணன் கேட்பார். நான் பொங்கலுக்கு இரண்டு நாள் போய், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவேன். 2021-ல் நான் போட்ட ஓட்டு, உண்மையில் அண்ணனுடைய இரண்டாவது ஓட்டு.

வேளச்சேரிக்கு என்னை இழுத்தது ஒரே விஷயம், தண்ணீர். 2015 டிசம்பரில் தரைத்தள வீட்டில் முழங்கால் வரை நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாடிக்கு மாறியிருந்தோம், ஆனால் தெருவை விட்டு மூன்று நாள் வெளியே வர முடியவில்லை. கனமழை என்று அறிவிப்பு வந்தாலே இங்கே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

தெருவிலுள்ள மழைநீர் வடிகாலைத் தூர்வார கவுன்சிலர் போதும். ஆனால் எங்கள் தண்ணீர் வீராங்கல் ஓடையில் இறங்கி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில்தான் கடலைச் சேர வேண்டும். நடுவில் சோழிங்கநல்லூர் தொகுதி வருகிறது. மாநகராட்சி, நீர்வளத்துறை, வனத்துறை மூன்றும் வருகின்றன. இவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க எம்.எல்.ஏ. வேண்டும், சட்டமன்றத்தில் பேச வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் ‘வெள்ளம் வராது’ என்றால், ஓடையில் எந்த இடம் குறுகியிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்க முடியும், ஏனென்றால் அந்த வழியாகத்தான் தினமும் போகிறேன். பாலக்கோட்டில் ஒரு வேட்பாளரிடம் என்னால் அப்படிக் கேட்க முடியாது.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப்பேருக்கு ஓட்டு வேறெங்கோ இருக்கிறது. தண்ணீர் புகுந்த வீட்டில் இருந்தவர்கள் வேட்பாளரின் கணக்கிலேயே வருவதில்லை. 2021-ல் காங்கிரஸின் அசன் மௌலானா இங்கே ஜெயித்தது 4,350 சொச்சம் ஓட்டில். பாலக்கோட்டில் வித்தியாசம் சுமார் 28,000. நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து நின்றால் எங்கே காது கொடுப்பார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக்கூடாது. ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஊருக்குப் படிவம் வந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாமல் தவித்த நண்பர்கள் எனக்கு உண்டு. மாற்றும் வேலை சுலபம்தான். வாடகை ஒப்பந்தத்தோடு கேஸ் ரசீதும் இணைத்தேன், அதே வாக்காளர் அடையாள எண் தொடர்ந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நான் போட்டது 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு ஓட்டுதான். சட்டமன்றத் தேர்தலில் போட்டு, ஜெயித்தவரிடம் போய் நின்று பார்த்த அனுபவம் இன்னும் இல்லை. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும், அடுத்த வருடமே ஊர் திரும்புகிறவர்களுக்கும் இந்த யோசனை எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு இன்னும் வருத்தம் உண்டு. ‘வீட்டுல ஒரு ஓட்டு குறைஞ்சுடுச்சே’ என்றார். தக்காளிக்கும் கால்வாய்க்கும் அவர் மனு எழுதும்போது கூட உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன், அதற்கு ஓட்டு அங்கே இருக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.