அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டு 68,000 ரூபாயை இழந்தேன்: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

சனிக்கிழமை அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். தோல் உரிந்து உள்சதை தெரிகிறது. பத்தொன்பது நாளுக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இதற்காக நான் கொடுத்த பணம் 68,000 ரூபாய்.

பேர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னதால் போடவில்லை. காட்பாடிப் பக்கம், ஒரு வாடகை வீட்டில் நடக்கும் முதியோர் பராமரிப்பு இல்லம். போர்டில் ‘நர்ஸிங் கேர்’ என்றும் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற ஊர் என்பதால் இந்த மாதிரி இடங்கள் இங்கே நிறைய முளைத்திருக்கின்றன. அவசரத்தில் இருப்பவர்களைத்தான் அவர்கள் பிடிக்கிறார்கள். நானும் அவசரத்தில்தான் இருந்தேன்.

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். எனக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, காலை ஏழு மணிக்கே பஸ் ஏற வேண்டும். தம்பி ஓசூரில். ஒரு மாதம் மட்டும் யாராவது பார்த்துக்கொண்டால் போதும், அதற்குள் அம்மா வாக்கர் பிடித்து நடந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டோம்.

அங்கே போனபோது எனக்கு முழு மனசு இல்லை. அறையில் பினாயில் வாசனை, ஜன்னல் சின்னது. திரும்பிவிடலாமா என்று தம்பியைப் பார்த்தேன். அப்போது அம்மா கட்டிலைப் பார்த்து மெதுவாக, “தல வடக்கால வருதே” என்றாள். நடத்துகிறவர் உடனே, “ஆமாம்மா, வடக்குல தல வெச்சுப் படுக்கக் கூடாதுல்ல” என்று சொல்லிவிட்டு, ஆளைக் கூப்பிடாமல் தானே குனிந்து இரும்புக் கட்டிலைப் பிடித்துத் திருப்பிப் போட்டார். தரையில் கிரீச்சென்று சத்தம் வந்தது. தலை கிழக்குப் பக்கம் வந்ததும் அம்மா சிரித்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சிரித்ததே அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பார்க்கிற மனுஷன் மற்றதையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பிவிட்டேன். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பணத்தை எடுத்தேன்.

முன்பணம் 50,000 ரொக்கமாகக் கேட்டார். முதல் மாதக் கட்டணம் 18,000 ஜிபே. மொத்தம் 68,000. முன்பணத்துக்கு ஒரு அரைத்தாள் ரசீது கொடுத்தார்கள். அதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. ஏன் சார் என்று கேட்டதற்கு, “சும்மா ஒரு பார்மாலிட்டி மேடம், 80ஜி-ல டாக்ஸ் கழிச்சுக்கலாம், உங்களுக்குத்தான் லாபம்” என்றார். சரி என்று மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.

ரிசப்ஷன் சுவரில் கண்ணாடி போட்டு மூன்று சான்றிதழ்கள் மாட்டியிருந்தார்கள். ஒன்றில் அரசு முத்திரை, இன்னொன்றில் ஐ.எஸ்.ஓ 9001 என்று தங்க எழுத்து. தம்பி மூன்றையும் போனில் போட்டோ எடுத்தான். இரண்டு பேருமே ஒரு வரி படிக்கவில்லை.

முதல் பதினைந்து நாள் வராதீர்கள், வந்தால் அழுவார்கள், செட் ஆகட்டும் என்றார்கள். தினமும் சாயங்காலம் வீடியோ கால். முகம் கழுவி, பொட்டு வைத்து, தலைமாட்டில் ஆப்பிள் வைத்துக் காட்டுவார்கள். அம்மா “நல்லாருக்கேன் பாப்பா” என்பாள். பக்கத்தில் ஆயா நின்றால் வேறு என்ன சொல்லுவாள்? கடைசி நான்கு நாள் குரலே சரியில்லை. சனிக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன்.

கட்டில் மறுபடி சுவரோரம் தள்ளிக் கிடந்தது, தலை வடக்கே. அம்மா மல்லாக்கப் படுத்திருந்தாள். டயப்பர் கனத்துப்போய்ப் பெட்ஷீட் வரை ஈரம். ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம் என்று தொட்டதும் கத்திவிட்டாள். அப்போதுதான் புண்ணைப் பார்த்தேன். ஆயாவைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவளே அழுதுவிட்டாள். “இன்னாக்கா பண்றது, ராத்திரிக்கு நான் ஒருத்திதான். பதினாலு பேரு. யாரைன்னு திருப்பறது?” அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளை கோட் போட்டு ‘சிஸ்டர்’ என்று அறிமுகம் செய்த பெண் நர்ஸிங் படித்தவளே இல்லை என்பதும் ஆயா சொல்லித்தான் தெரியும். 1909-லேயே, சி.எம்.சி ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் நர்ஸிங் பள்ளி தொடங்கிய ஊர் இது. இந்த ஊரில் ஒரு படித்த நர்ஸை வேலைக்கு வைக்க முடியாதா?

எழுந்து நடக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ஈரத்தில் விடக் கூடாது. டிஸ்சார்ஜ் தாளிலேயே இது எழுதியிருந்தது. நடத்துகிறவரிடம் கேட்டால், “சுகர் பேஷண்ட் மேடம், புண்ணு வரத்தான் செய்யும்” என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. அந்தத் தாளை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை பணத்தைக் கேட்டு ஆறு தடவை போன் செய்தேன். முதலில் “சார் வெளிய போயிருக்காருங்க”. அப்புறம் “அக்கவுன்ட்ஸ் எல்லாம் சென்னையில பாக்கறாங்க மேடம்”. ஆறாவது தடவை அவரே எடுத்தார். “முன்பணம்னு யார் சொன்னது? ரசீதைப் பாருங்க. நன்கொடை. நன்கொடையைத் திருப்பித் தர்ற வழக்கம் இல்லை.” கட்டில் திருப்பிப் போட்ட அதே ஆள், அதே குரல். 18,000 பற்றிக் கேட்டால், மாதத்தின் பாதியில் போனால் கட்டணத்தில் ஒன்றும் திரும்பக் கிடையாதாம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் என் மெசேஜுக்கு ஒரு டிக்தான் விழுகிறது, அவர் போட்டோவும் காணோம். 68,000 ரூபாய். என் நான்கு மாதச் சம்பளம் அது.

நேற்று திங்கட்கிழமை, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறை தீர்க்கும் நாள். மனு எழுதிக்கொண்டு போனேன். சமூக நலத்துறையில் இருந்த அதிகாரியம்மா முதலில் கேட்டது, “இல்லத்தோட பதிவு எண் என்னம்மா?” தம்பி எடுத்த போட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், முத்திரை போட்டது ‘உதயம்’ பதிவு. சிறு குறு தொழில் செய்கிறவர்கள் ஆதார் நம்பர் போட்டு ஆன்லைனில் இலவசமாகத் தாங்களே எடுத்துக்கொள்வது. மாவரைக்கிற கடைக்கும் அதுதான். யாரும் வந்து கட்டிலையோ கழிப்பறையையோ பார்த்துவிட்டுத் தருவதில்லை. ஐ.எஸ்.ஓ அரசு உரிமமே இல்லை, தனியார் சான்றளிப்பு நிறுவனம் தருவது. மூன்றாவது, ஏதோ விழாவில் கொடுத்த பாராட்டுப் பத்திரம். சுவரில் சிறு தொழில், ரசீதில் நன்கொடை! ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி கழிவே கிடையாது என்று கம்பெனி ஆடிட்டரும் இன்றைக்குச் சொன்னார். அந்த ‘லாபமும்’ பொய்.

முதியோர் இல்லம் நடத்த முறையான பதிவு வேண்டும். ஆள் சேர்த்து மருந்து, டிரிப் என்று போட்டால் 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அதற்கும் பதிவு வேண்டும். இவரிடம் இரண்டும் இல்லை. பதிவே இல்லாத இடத்துக்கு யார் ஆய்வுக்குப் போவார்கள்? முதியோர் பராமரிப்பு இல்லங்களையும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளையும் கட்டாயம் பதிவு செய்து தரம் வகுக்க 2019-ல் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. இருக்கிற 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பெற்றவர்களை அநாதையாக விட்டுப்போகிற பிள்ளைக்கு மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். விதிக்கட்டும், தப்பில்லை. காசு வாங்கிக்கொண்டு என் அம்மாவை ஈரத்தில் போட்டு வைத்தவருக்கு என்ன?

அடுத்தவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முடிந்தது இவ்வளவுதான். சான்றிதழை நின்று படியுங்கள், எந்தச் சட்டத்தில் எந்தத் துறை கொடுத்தது என்று பாருங்கள், பதிவு எண்ணை சமூக நலத்துறையில் காட்டிக் கேளுங்கள். நர்ஸ் என்றால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ராத்திரிக்கு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று ஆயாவிடம் கேளுங்கள், முதலாளியிடம் இல்லை. வராதே என்று சொல்கிற இடத்தில் விடவே விடாதீர்கள். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும், முதுகு தெரியாது. ரசீதில் நன்கொடை என்று எழுத விடாதீர்கள். பெரியவர்களுக்கான உதவி எண் 14567, நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் இந்த வாரமே போடப்போகிறேன். இதே இடத்தில் ‘நன்கொடை’ ரசீது வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சேர்ந்து போடலாம்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். பத்து மணி ஆகிவிட்டது, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.