அன்றைய பொட்டலமும் இன்றைய உயர் ரகமும்: கஞ்சாவின் வீரியம் கூடியிருக்கிறதா?

காசிமேட்டுத் தேநீர்க் கடையில் இந்தப் பேச்சு எழுந்தால், அந்தக் காலத்துக் கஞ்சா வெறும் தழை, இப்போது வருவது விஷம் என்பார் பெரியவர். செடி ஒன்றுதான், மற்றதெல்லாம் பயமுறுத்தல் என்பான் இளைஞன். (வடசென்னை என்றதும் கஞ்சாவை நினைப்பது எழுதுபவர்களின் சோம்பல், இந்த வாக்குவாதம் எல்லா ஊருக்கும் பொதுவானது.)

பெரியவரின் பக்கம் எண்கள் இருக்கின்றன. போதை தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளின் அளவை, அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் மிசிசிப்பி பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாக அளந்து வருகிறது. 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்தது, 2014இல் சுமார் 12 சதவீதமாகியிருந்தது. அதே செடியில் உள்ள, போதை தராத சி.பி.டி. என்னும் வேதிப்பொருளோ 2001இல் 0.28 சதவீதமாக இருந்து, 2014இல் 0.15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கியதால், 1995இல் சி.பி.டி.யைப் போல் சுமார் 14 மடங்காக இருந்த டி.எச்.சி., 2014இல் சுமார் 80 மடங்காகிவிட்டது. எனக்கு முதல் கணக்கைவிட இதுவே முக்கியமாகப் படுகிறது.

இளைஞனின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்டால் டி.எச்.சி. சிதைந்து சி.பி.என். என்ற வேறு பொருளாகிவிடும். ஆகவே, மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்து, விதையும் காம்புமாக எடைபோடப்பட்ட 1970களின் மாதிரிகள் உண்மையைவிடக் குறைவாகவே காட்டியிருக்கும். வீரியமான சரக்கு புதிதும் அல்ல. பிசினை உருட்டி எடுக்கும் சரஸ் அன்றும் உண்டு. வங்காளத்தின் நவுகாவ் வயல்களில் ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்கி, பெண் பூவை விதையில்லாமல் முற்றவிடும் முறையை 1893–94ஆம் ஆண்டின் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் பதிவு செய்திருக்கிறது. மேலைநாட்டு நவீன வளர்ப்பின் அடிப்படை நுட்பமும் அதுவே.

என் கணிப்பில் எண்களின் போக்கு பெரியவருக்கே சாதகமானது, ஆனால் செடியே விஷமாகிவிட்டது என்று கொள்வது தவறு. செடி தானாக மாறவில்லை. தேர்ந்தெடுத்த ரகமும், கூரைக்குள் விளக்கொளியில் வளர்க்கும் முறையும் மாற்றியிருக்கின்றன. சென்னைக்கு ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலில் வரும், விதையோடு அமுக்கிக் கட்டிய பண்டல் பழைய வகையைச் சேர்ந்தது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய பின், பாங்காக்கிலிருந்து விமானப் பயணிகளின் பைகளில் அடிக்கடி சிக்கும் மண்ணில்லா வளர்ப்புக் கஞ்சா, செய்தித்தாள்கள் உயர் ரகம் என்று எழுதுவது, முற்றிலும் வேறு. அமெரிக்கச் சராசரியை முதலாவதன் மேல் ஏற்றிப் பேசுவது பிழை; இரண்டாவதை அந்தக் காலத்துப் பொட்டலம் என்று எண்ணி அதே அளவு புகைப்பது ஆபத்து.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பாதிதான் பார்க்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் சரஸுக்குச் ‘சிறு அளவு’ எனப்படும், குறைந்த தண்டனைக்குரிய அளவின் வரம்பு 100 கிராம். கஞ்சாவுக்கு 1 கிலோ. கஞ்சா என்ற பெயருக்குள் வந்துவிட்டால் பண்டலுக்கும் உயர் ரகத்துக்கும் அதே 1 கிலோதான், 4 சதவீதச் சரக்கில் அது 40 கிராம் டி.எச்.சி.யாகவும், 20 சதவீதச் சரக்கில் 200 கிராமாகவும் இருந்தாலும்.