அதிரப்பள்ளிக்கு ஒரே நாளில்: சாலக்குடி வழியா, வால்பாறை வழியா?

கோவையிலிருந்து அதிரப்பள்ளி அருவிக்குக் காரில் போக இரண்டு வழிகள். பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி என்று நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். இல்லையென்றால் பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை என்று மலையேறி, காட்டுக்குள் புகுந்து, அருவிக்குப் பக்கத்திலுள்ள வாழச்சாலில் இறங்கலாம். தூரம் இரண்டிலும் ஏறக்குறைய 180 கிலோமீட்டர்தான். ஆனால் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரத்தில் அருவி வாசலில் நிற்கலாம். மலை வழியில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. நாங்கள் குடும்பத்தோடு போனபோது மலை வழியாகப் போய், நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினோம். இனி யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சாலக்குடி வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டோல் உண்டு, நல்ல சாலை உண்டு, பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊரும் தொல்லையும் இல்லை. வயதானவர்களோ, மலையேறினால் வாந்தி எடுக்கும் பிள்ளைகளோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் பாதை செங்குத்தானது; இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். வளைவுகளில் சுற்றிக் களைத்துப்போன முழங்காலோடு அதில் ஏறச் சொல்வது பாவம்.

மலை வழி அப்படி இல்லை. அதில் அருவி கடைசியில் வருவதுதான், அதற்கு முன்பே அன்றைய நாள் நிறைந்துவிடும். ஆழியாறு தாண்டியதும் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் ஆழியாறு அணை முழுக்கக் கீழே கிடக்கும். பாறைச் சரிவுகளில் வரையாடு மேயும். வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், சிங்கவால் குரங்குகள் சாலையோரம்வரை வரும். ஊரில் டிபனை முடித்து, பெட்ரோலும் போட்டுக்கொண்டு சோலையாறு அணை வழியாக மளுக்கப்பாறைக்குப் போனால் தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும்.

அங்கிருந்து வாழச்சால்வரை சுமார் 50 கிலோமீட்டர். கடை இல்லை, பெரும்பாலும் செல்போன் சிக்னலும் இல்லை. சாலையின் நடுவே ஆவி பறக்கும் யானைச் சாணம் கிடந்தது. பக்கத்து மூங்கில் புதரில் முறித்துப் போட்ட தண்டு இன்னும் பச்சையாக இருந்தது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்ததால் இருவாச்சிப் பறவைகள் தலைக்குமேல் பறந்தபோது சிறகடிப்பு நீராவி எஞ்சின் போலக் கேட்டது. கேரளத்தில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிகளும் வாழும் காடு இது.

சரி, மலை வழி இவ்வளவு நன்றாக இருக்கிறதே, போகவர இரண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் செக்போஸ்ட் வருகிறது. ஒருநாள் பயணத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். மளுக்கப்பாறை, வாழச்சால் இரண்டு முனையிலும் கேரள வனத்துறையின் சாவடி உண்டு. வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணுவார்கள். மாலை 6 மணிக்குமேல் அந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இருசக்கர வண்டிகளுக்கு இன்னும் முன்னதாகவே அடைத்துவிடுவார்கள்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை வழியாக வந்து நண்பகலில் அருவியை அடைகிறீர்கள். திரும்பவும் அதே வழி என்றால் 3 மணிக்குள் கிளம்பியாக வேண்டும். சாவடி தாண்டி வால்பாறை சேரும்போது இருட்டிவிடும். அப்புறம் பனிமூட்டத்தில் அந்த 40 வளைவுகளையும் இறங்க வேண்டும். அதற்குப் பதிலாக நெடுஞ்சாலையில் வந்து மலை வழியாகத் திரும்பலாம்தான். காலை 9 மணிக்கே அருவிக்கு வந்துவிடலாம், கூட்டமும் குறைவு. ஆனால் பாறையில் உட்கார்ந்து சாரலில் நனையும்போதும் வாழச்சால் சாவடி நினைவிலேயே இருக்கும்.

யானையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தச் சாலையில் கபாலி என்ற கொம்பன் பெயர்போனவன். 2022 நவம்பரில் அவன் எதிரே வந்ததால் ஒரு தனியார் பேருந்து சுமார் 8 கிலோமீட்டர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. காலையில் யானை வழிமறித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. மாலை ஐந்து மணிக்கு, காட்டின் நடுவில், பிள்ளைகளோடு என்றால் கதையே வேறு. அதனால்தான் காலையில் காடு, மாலையில் நெடுஞ்சாலை. அருவியில் பொழுது சாயும்வரைகூட இருக்கலாம். சாலக்குடி பக்கம் இறங்கும்போது சாலையோர வளைவு ஒன்றிலிருந்து மொத்த அருவியும் தூரத்தில் ஒரே பார்வையில் கிடைக்கும், நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மழைக்காலத்துக்கு இந்த யோசனையை அப்படியே சொல்ல மாட்டேன். ஜூன் முதல் செப்டம்பர்வரை அருவி பொங்கி விழும். ஆனால் அந்த மழையில் காட்டுச் சாலையில் நான் ஓட்டியதில்லை, மரம் விழுந்தோ மண் சரிந்தோ சாலையை மூடுவதும் உண்டு. அப்போது சாலக்குடி வழியே நல்லது. கோடையில் தண்ணீர் மெலிந்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை இரண்டுக்கும் தோதான காலம். ஒன்று மட்டும்: 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கு இ-பாஸ் கட்டாயம். முந்தின நாளே எடுத்து வைத்துவிட்டால் விடிந்ததும் ஆழியாறு சாவடியைத் தாண்டிவிடலாம்.