மாரத்தான் பயிற்சி: தனியாகவா, இணையப் பயிற்சியாளரிடமா, ஓட்டக் குழுவிலா?

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது, ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில். புதுச்சேரியில் இருந்துகொண்டு இவற்றில் ஒன்றில் முழுத் தூரத்தையும், அதாவது 42.195 கிலோமீட்டரையும், ஓட நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்டவணையை வைத்துக்கொண்டு தனியாக ஓடலாம். மாதக் கட்டணம் கட்டி, கைபேசி வழியாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரிடம் சேரலாம். இல்லையென்றால் ஊரிலுள்ள ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்து ஞாயிறுதோறும் அவர்களோடு ஓடலாம். அரை மாரத்தான்களைத் தனியாக ஓடிப் பழகிய நான், முழு மாரத்தானுக்குக் குழுவைத்தான் தேர்ந்தெடுத்தேன். அலுவலகத்திலும் உறவிலும் யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

எளிதில் முடிவாகிவிடும் விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவு குறைவது தனியாக ஓடும்போதுதான். குழுவில் தண்ணீருக்கும் பழத்துக்கும் பகிர்ந்துகொள்ளும் தொகை பெரிதில்லை. இணையப் பயிற்சியாளருக்கு மாதம் சில ஆயிரம் ஆகும். அட்டவணை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 16 முதல் 18 வாரம், வாரத்துக்கு நான்கைந்து நாள், அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் வேக ஓட்டம், மற்ற நாட்களில் மெதுவோட்டம். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உற்சாகமும் நட்பும் குழுவில்தான் கிடைக்கும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தனியாக ஓட விரும்புகிறவருக்குப் புதுச்சேரியைப் போல வசதியான ஊர் அமைவது அரிது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வாகனங்கள் நுழைய முடியாது. சாலையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால் மூன்று. விளக்கு வெளிச்சம் உண்டு, கடல் காற்று உண்டு, விடியும் முன்பே நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் நடமாட்டம் உண்டு. தண்ணீர் பாட்டிலைக் காந்தி சிலைக்கு எதிரே ஓர் ஓரமாக வைத்துவிட்டு 12, 15 கிலோமீட்டர் ஓடுவதற்கு யாருடைய துணையும் தேவையில்லை. அரை மாரத்தான்தான் இலக்கு என்றால் தனியாகவே ஓடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். மருத்துவமனையில் சுழற்சிப் பணியில் இருக்கும் செவிலியருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க வேண்டியவருக்கும், குழுவின் நேரம் ஒருபோதும் ஒத்துவராது. அவர்களுக்குத் தனி ஓட்டம்தான் வழி. அதில் குறைவாக நினைக்க எதுவும் இல்லை.

ஆனால் 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது நிலைமை மாறிவிடுகிறது.

முழு மாரத்தானுக்கான பயிற்சியில் மிக நீண்ட ஓட்டம் பெரும்பாலும் 30 அல்லது 32 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுக்கும் என்னைப் போன்றவருக்கு 30 கிலோமீட்டர் என்பது மூன்றரை மணி நேரம். காலை 4 மணிக்குத் தொடங்கினாலும் முடிக்கும்போது 7.30 ஆகிவிடும், வெயில் ஏறியிருக்கும். நம் கடலோரத்தில் வெயிலைவிட ஈரப்பதம்தான் அதிகம் வாட்டுகிறது. வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே நிற்பதால் விடியற்காலையிலும் உடல் சூடு தணிவதில்லை. போதாததற்கு, தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் பலருக்கும் 30 கிலோமீட்டர் வாக்கில் தீரத் தொடங்கும். கால் கனக்கும், கவனம் சிதறும், நின்றுவிடலாம் என்று மனம் சொல்லும். வாரக்கணக்கில் நாம் செய்யும் பயிற்சியெல்லாம் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு உடலையும் மனத்தையும் பழக்குவதற்காகத்தான். ஆகவே மூன்று வழிகளையும் அந்த ஒரு மணி நேரத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தண்ணீர். எங்கள் குழுவின் நீண்ட ஓட்டம் காந்தி சிலையில் தொடங்கி, முத்தியால்பேட்டை வழியாகக் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையத்தைத் தாண்டி, காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரிக்குள் வரும். போய்த் திரும்பினால் 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மீதியைக் கடற்கரைச் சாலையில் சுற்றி முடிப்போம். அதிகாலை 4 மணிக்கு அந்த வழியில் கடை எதுவும் திறந்திருக்காது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பாட்டிலில் அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். மூன்றரை மணி நேரத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்? குழுவில், அந்த வாரம் ஓடாத ஒருவர் ஸ்கூட்டரில் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் ஆகியவற்றோடு முன்னும் பின்னும் வந்துகொண்டிருப்பார். இந்த முறை சுழற்சியாக எல்லோருக்கும் வரும்.

இது வெறும் வசதி மட்டும் அல்ல. நீண்ட தூரம் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். 25 கிலோமீட்டருக்குப் பிறகு வயிறு இனிப்பை ஏற்க மறுக்கும். எது ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயிற்சியில்தான் கண்டறிய முடியும், மாரத்தான் நாளில் அல்ல. அதைவிட முக்கியமானது உப்பு. மெதுவாக ஓடி, நெடுநேரம் சாலையில் இருப்பவர்கள் தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகலாம். தனியாக இருப்பவருக்கு அந்தக் குழப்பமே தெரியாது. எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன் ஒருவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: “தங்கச்சி, இனி வெறும் தண்ணீர் வேண்டாம். இதைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் நடங்கள்.” ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை என்று பொருள். கூடியிருந்தால் குடித்தது மிகுதி.

அடுத்தது இருட்டு. நான் பெண். விடியற்காலை 4 மணிக்குக் கோட்டக்குப்பத்தைத் தாண்டிய சாலையில் தனியாக ஓட என்னால் முடியாது, ஓடவும் மாட்டேன். இதை வெளிப்படையாகச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நாய்க் கூட்டத்தின் முன் ஒருவர் நிற்பதும் எட்டுப் பேர் நிற்பதும் ஒன்றல்ல. லாரிகள் வேகமாகப் போகும் சாலையில், ஒளிரும் மேலாடை அணிந்த குழு கண்ணில் படுவது போலத் தனியாள் படுவதில்லை. கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் மூன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல் கேள்வி. எங்கள் குழுவில், வழியில் வீடு இருக்கும் அக்கா ஒருவர் ஞாயிறு அதிகாலையில் வெளிவாசல் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பார். எந்தச் செயலியிலும் இந்த ஏற்பாடு கிடைக்காது.

மூன்றாவது, வேகத்தை அடக்குவது. நீண்ட ஓட்டத்தில் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். தனியாக ஓடும்போது பேச ஆளில்லை, அதனால் அந்தச் சோதனையும் இல்லை. கைக்கடிகாரம் இதயத் துடிப்பைக் காட்டும், உண்மைதான். ஆனால் முதல் 10 கிலோமீட்டரில் கால் இலகுவாக இருக்கும்போது கடிகாரத்தின் பேச்சைக் கேட்பவர்கள் குறைவு. பக்கத்தில் ஓடுபவர் பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றியோ மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றியோ பேசிக்கொண்டு வந்தால் வேகம் தானாக அடங்கும். 28-ஆவது கிலோமீட்டரில் யாரும் பேச மாட்டார்கள், காலடிச் சத்தம் மட்டும் ஒன்றாகக் கேட்கும். அப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் ஓடிக்கொண்டிருப்பதுதான் என்னை நிற்கவிடாமல் வைத்திருக்கிறது.

மழையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரில் எழுதப்பட்ட அட்டவணைகள் இங்கேதான் உடைகின்றன. ஜனவரி, பிப்ரவரி மாரத்தானுக்கான நீண்ட ஓட்டங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன. அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நகரம் வெள்ளத்தில் நின்றது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையின் வெள்ளம் கடலூர்ப் பக்கத்தைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஓட்டத்தைப் பற்றி யாரும் நினைக்கவே கூடாது. பிரச்சினை அதற்கடுத்த வாரம் வருகிறது: விடுபட்ட 28 கிலோமீட்டரை எங்கே பொருத்துவது? தனியாகப் பயிற்சி செய்பவர்கள் விட்டதைப் பிடிக்க அடுத்தடுத்த நாட்களில் இரண்டு நீண்ட ஓட்டங்களை அடுக்கிவிட்டு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குழுவில், பல மழைக்காலங்களைக் கடந்தவர்கள் கூடிப் பேசி, போனது போகட்டும் என்று விட்டுவிட்டு, தூரத்தைச் சற்றுக் குறைத்து மறுபடி தொடங்குகிறார்கள். ஊர் மழையை அறிந்தவர்களின் அட்டவணைக்குத் தனி மதிப்பு உண்டு.

இணையப் பயிற்சியாளரைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. ஓர் அரை மாரத்தானுக்காகச் சிறிது காலம் ஒருவரிடம் இருந்தேன், அவ்வளவுதான். என் கடிகாரத்தின் பதிவுகளைப் பார்த்து அவர் சொன்ன வேக ஓட்டப் பயிற்சிகள் மிகத் துல்லியமாக இருந்தன, பலனும் தெரிந்தது. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைப்பவருக்கும், பழைய காயம் உள்ளவருக்கும், அந்தத் தனிக் கவனம் குழுவில் கிடைப்பது கடினம். ஆனால் அவர் இன்னொரு நகரத்தில் இருந்தார். 25 கிலோமீட்டருக்குப் பிறகு தண்ணீர் தர அவரால் முடியாது. பணவசதி இருந்தால் வாரநாட்களுக்குப் பயிற்சியாளர், ஞாயிற்றுக்கிழமைக்குக் குழு என்று வைத்துக்கொள்வது மிக நல்ல ஏற்பாடாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதை நான் செய்து பார்க்கவில்லை.

குழுவின் குறைகளை மறைப்பது நியாயமாகாது. வேகமாக ஓடுபவர்களோடு சேர்ந்து இழுபட்டு, மெதுவாக ஓட வேண்டிய நாளையெல்லாம் போட்டி நாளாக்கிக்கொள்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. ஒருவருக்கு வலி என்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அந்த ஆலோசனையைக் கேட்காமல் இயன்முறை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒருவர் ஒரு நிறுவனத்தின் காலணியை வாங்கினால் பத்துப் பேர் அதையே வாங்குவார்கள், அது உங்கள் பாதத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரநாட்களின் மெதுவோட்டத்தை நான் இன்றும் தனியாகவே ஓடுகிறேன், குழு கூடினாலும் போவதில்லை.

எந்தக் குழுவில் சேரலாம் என்று முடிவு செய்ய, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். முன்னால் ஓடுபவர்களைப் பார்க்காதீர்கள். கடைசியாக வருபவர் யார், அவர் வந்துசேரும்வரை தண்ணீர் வண்டி நிற்கிறதா, யாராவது காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேகமானவர்கள் முடித்ததும் புகைப்படம் எடுத்துக்கொண்டு காபி குடிக்கக் கலைந்துவிடும் குழு, எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும், முதல் முறை ஓடுபவருக்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு வேகத்துக்கும் குறைந்தது இரண்டு பேராவது இருக்கும் குழு கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

கடலூரில் இருப்பவர்கள் ஞாயிறுதோறும் 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அதிகாலையில் புதுச்சேரிக்கு வருவது நடைமுறைக்கு ஒத்துவராது. பெரிய குழுவும் தேவையில்லை. ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் நான்கு பேர், ஒரு ஸ்கூட்டர், அதை ஓட்ட வாரம் ஒருவர், இவ்வளவு இருந்தால் மஞ்சக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கும் இடையே சுற்றிச் சுற்றி ஓடியே 30 கிலோமீட்டரை முடித்துவிடலாம். மழை தொடங்கும் முன், செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அந்த நால்வரும் சேர்ந்துவிட்டால், இடையில் சில வாரங்கள் புயலுக்குப் போனாலும் பிப்ரவரியில் ஆரோவிலின் செம்மண் பாதைக்குப் போதிய நேரம் இருக்கும்.