மதினிக்கு டேப் வைக்கலாமா? மண்டபம், ராமநாதபுரம், மதுரை அலைச்சல்

இந்தத் தடவை ஊரில் பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான் போனது. மதினிக்கு இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கிறார்; ஊரில் பெப்சி பாசி என்பார்களே, அதுதான். ஈரப் பாசி தொங்கும் மூங்கில் மிதப்பை இழுக்கிறபோதெல்லாம் நனைந்துவிடுமாம். "தண்ணிக்குள்ள நிக்கிறவளுக்கு எது கடலு, எது நம்ம தண்ணின்னு யாருக்குத் தெரியும்" என்று வருஷக்கணக்காக ஓட்டிவிட்டார். பஸ்ஸில் ஏறினால்தான் சங்கடம்.

ராமநாதபுரத்தில் பார்த்த பெண் டாக்டர் அவசரப்படவில்லை. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார், இருமச் சொல்லிப் பார்த்தார், அடி இறக்கம், அதாவது கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழே சரிவது, இல்லை என்றார். முதலில் இடுப்படித் தசைகளுக்குப் பயிற்சி, மற்றதெல்லாம் அப்புறம் என்றார்.

அண்ணனுக்கு அதில் திருப்தி இல்லை. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்து நிமிஷத்தில் "டேப் வச்சிடலாம், மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்று பேக்கேஜ் தொகை சொன்னார்கள். கசிவை நிறுத்த அறுவை சிகிச்சை செய்து சிறுநீர்க் குழாய்க்கு அடியில் வைக்கும் சின்ன வலைப் பட்டையைத்தான் டேப் என்கிறார்கள். எந்த டேப் என்று கேட்டேன். "நல்ல கம்பெனிதாம்மா." பின்னாளில் வலி வந்தால்? "அதெல்லாம் வராது."

நான் இருப்பது இங்கிலாந்தில். அங்கே 2018 ஜூலையிலிருந்து இந்த அறுவை சிகிச்சை நிறுத்திவைக்கப்பட்டது. நியூசிலாந்திலும் 2023இல் நிறுத்தினார்கள். உடனே டேப் என்றாலே விஷம் என்று முடிவுகட்டவும் முடியாது. அமெரிக்கா 2019இல் விற்பனையை நிறுத்தியது அடி இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையைத்தான். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்கும் இந்தச் சின்னப் பட்டையை அல்ல. வாட்ஸ்அப்பில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பட்டை பாலிப்ரொப்பிலீனால் ஆனது. மதினி பாசி கட்டும் கயிறும் அதேதான் என்றதும் ஒரு பார்வை பார்த்தார். 1990களில் வந்த முறை இது. வைத்துக்கொண்டவர்களை 17 வருஷம் கழித்துப் பரிசோதித்த வட ஐரோப்பிய ஆய்வில், வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் கசிவு இல்லை. இங்கிலாந்தில் 95,057 பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், 9 வருஷத்துக்குள் முழுதாகவோ பகுதியாகவோ பட்டையை எடுக்க வேண்டிவந்தது 3.3 சதவீதம்.

சின்ன எண்தான். ஆனால் வலியோடு, எடுக்காமலே காலம் தள்ளுகிறவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். பட்டைக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்வதால் எடுப்பது வைப்பதைவிடப் பெரிய வேலை. எடுத்தபின் கசிவு திரும்பலாம், வலி போகாமலும் இருக்கலாம். இடுப்பெலும்புக்குப் பின்னால் செலுத்தும்போது மூத்திரப்பை குத்துப்படலாம். தொடை வழியாகச் செலுத்தினால் கவட்டை வலி அதிகம். பட்டை பெண்ணுறுப்புச் சுவரை அரித்து வெளியே தெரிவது வருஷங்கள் கழித்தும் நடக்கும். டேப் நல்லதா கெட்டதா என்பதைவிட, இதையெல்லாம் சொல்லாமல் தேதி குறித்த ஆஸ்பத்திரிமீதுதான் எனக்குக் கோபம்.

திரும்பி ராமநாதபுரம் வந்து பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தோம். மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே இழுக்கச் சொன்னால் மதினி மூச்சைப் பிடித்துக் கீழே முக்கிக்கொண்டிருந்தார். முக்கினால் கசிவு கூடத்தான் செய்யும். அந்தப் பெண் மதினியின் வயிற்றில் கை வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே இழுக்கப் பழக்கினார். ஒரு தடவைக்கு 8 இழுப்பு, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். இங்கிலாந்து வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. மிதப்பைத் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னாலும் இழுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் மதுரையில் பார்க்கிங்குக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

பயிற்சி பலிக்காவிட்டால் டேப் வைக்கட்டும், நான் மறுக்கவில்லை. உடம்பிலிருந்தே எடுத்த தசையுறைப் பட்டையும் ஒரு வழி. அதற்குக் காயம் பெரிது. டேப் என்றால் அதன் பெட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயர், லாட் நம்பர் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்க வேண்டும் என்று அண்ணனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.