கம்பெனி டெஸ்க்டாப்புகள் கிளவுடுக்குப் போகலாமா? மூன்று வழிகள், ஒரு அலசல்

புதுச்சேரியில் நாற்பது, ஐம்பது பேர் கணினியில் உட்காரும் ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை சேதராப்பட்டில், கணக்குப் பிரிவு ஊருக்குள், ஒரு கிளை கடலூர் மஞ்சக்குப்பத்தில். மேசைகளில் சின்ன தின் கிளையன்ட் பெட்டிகள்: திரையும் கீபோர்டும் மாட்டி சர்வரோடு இணைக்க மட்டும். எல்லாருடைய டெஸ்க்டாப்பும் தரைத்தள அறையிலுள்ள சர்வரில் ஓடுகிறது. சர்வருக்கு வயதாகிவிட்டது. புதிது வாங்குவதா, கிளவுடுக்குப் போவதா?

இருந்த இடத்திலேயே இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே சர்வரில் பல டெஸ்க்டாப்புகளை ஓட்டப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் நின்று, எல்லாம் சந்தாவானது. அதன் டெஸ்க்டாப் பிரிவான ஹொரைசன் 2024-இல் கைமாறி ஆம்னிசா என்ற தனி நிறுவனமாகிவிட்டது. ஆக, பழைய செலவுக் கணக்கு இனி உதவாது. அப்புறம் மழை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையில் தரைத்தள சர்வரின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புயலில் இன்டர்நெட்டும் அறுந்துதான் போகும். கிளவுடில் இருந்தாலும் அன்றைக்கு வேலை நிற்கும். தகவல்கள் நனையாது, புயல் தொடாத ஊரில் உட்கார்ந்து தொடரலாம், லாபம் அவ்வளவுதான். எல்லாரும் ஒரே கட்டடத்தில், வேலை டேலி கணக்கு மென்பொருளில் மட்டுமே என்றால் சர்வரை மாடிக்கு ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பதே சிக்கனம்.

கிளவுடுதான் என்று முடிவானால், என் முதல் ஓட்டு மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் ஓடும் அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு. ஒரே விண்டோஸ் 11 மெஷினில் பல பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்யலாம். பில்லிங், ஸ்டோர், கணக்கு மாதிரி லேசான வேலைக்கு ஆளுக்கொரு மெஷின் எதற்கு? இரவில் தானாக அணையும்படி வைத்தால் அந்த நேரத்துக்கு மெஷின் வாடகை ஓடாது. டிஸ்க்குக்கு மட்டும் ஓடும். பயனரின் செட்டிங், மெயில் எல்லாம் எஃப்எஸ்லாஜிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தனிக் கோப்பில் இருப்பதால் எந்த மெஷினில் விழுந்தாலும் தன் டெஸ்க்டாப்பே வரும். கையில் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் அல்லது இ3 இருந்தால் விண்டோஸ் உரிமை அதிலேயே அடக்கம். பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது. சிக்கல் ஒன்றுதான்: இதைக் கட்டிப் பராமரிக்க அஷூர் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லாதவர்களுக்கு, அதே மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 365. ஆளுக்கு ஒரு கிளவுட் பிசி, மாதாமாதம் ஒரே தொகை; எப்போது அணைப்பது என்று யோசிக்க வேண்டாம். ஆனால் 300 பேர் வரைக்குமான பிசினஸ் பதிப்பை உங்கள் சொந்த நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்க முடியாது. பத்து பேர் ஒரே டேலி டேட்டாவைத் திறக்கும் இடத்தில் இது பெரிய குறை. என்டர்பிரைஸ் பதிப்பில் இணைக்கலாம். ஆனால் அங்கே போனால் மறுபடி அஷூர் தெரிந்த ஆள் தேவைப்படும்.

அமேசான் வொர்க்ஸ்பேசஸ் மும்பையிலிருந்து கிடைக்கிறது. பயன்படுத்திய மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் கட்டும் வசதியைத்தான் விற்பவர்கள் முன்னால் வைப்பார்கள். மாதம் ஏறக்குறைய 80 மணி நேரத்தைத் தாண்டினால் மாதக் கட்டணமே மலிவு. தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் உட்காருபவர் 200 மணி நேரம் ஆகிறார். எப்போதாவது வரும் ஆடிட்டருக்குச் சரி, நம் கணக்குப் பிரிவுக்கு இல்லை.

எதைத் தேர்ந்தாலும் மாற்றம் கவிழும் இடம் வேறு. டெஸ்க்டாப்பை மட்டும் அஷூர் டேட்டா சென்டர் இருக்கும் புனேக்கு அனுப்பிவிட்டு டேலி டேட்டாவைப் புதுச்சேரி சர்வரிலேயே விடுவார்கள். டேலி அந்தக் கோப்புகளை நெட்வொர்க் வழியே துண்டு துண்டாக இடைவிடாமல் படிக்கும். ஒவ்வொரு துண்டும் புனேக்குப் போய் வந்தால் ஒரு லெட்ஜர் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். டேட்டாவும் டெஸ்க்டாப்பும் ஒரே இடத்துக்கு ஒன்றாகப் போக வேண்டும். இன்டர்நெட் லைனைப் பொறுத்தவரை, லேசான வேலைக்கு ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. 40 பேருக்கு 60. வேகம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இரண்டு வெவ்வேறு கம்பெனி லைன்கள், வெவ்வேறு வழியாக வருபவையாக இருக்கட்டும்.

இனி மேசை மேல் இருப்பவை. ஜிஎஸ்டி, வருமானவரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (யுஎஸ்பியில் செருகுவது) தின் கிளையன்ட் வழியாக எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போய்ச் சேராது. பிரவுசர் வழியாக லாகின் செய்தால் போகவே போகாது. கையெழுத்துக்கென்று ஒரு சாதாரண பிசியை அலுவலகத்திலேயே வைத்துவிடுவது நல்லது. இன்வாய்ஸ் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னொரு வம்பு. ரிமோட் டெஸ்க்டாப்பில் பொதுவான டிரைவராக வரும் ஈஸி பிரிண்ட் வழியாகப் போனால் எழுத்து படமாகத்தான் அச்சாகும். ஒவ்வொரு வரியையும் பிரிண்டரின் தலை முக்கி முக்கி அடிக்கும், லோடு லாரி வாசலில் நிற்கும். கிளவுட் பக்கத்திலேயே அந்தப் பிரிண்டரின் டிரைவரை நிறுவி, ஈஸி பிரிண்ட்டைத் தவிர்க்க வேண்டும். விற்பனையாளரின் டெமோவிலேயே உங்கள் பிரிண்டரை மாட்டி ஒரு இன்வாய்ஸ் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மார்ச்சில் ஆண்டுக் கணக்கு, ஐப்பசி கார்த்திகையில் புயல். அதனால் மாறுவதற்கு வைகாசி, ஆனிதான் தோது. அதிலும் மாதம் 20-ஆம் தேதி மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலின் கெடு முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை.